புது கிளட்ச், பழைய உதறல்

தாம்பரம் மேம்பாலத்தில் பாதி ஏற்றம் ஏறியிருப்போம். எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. வண்டியின் வேகம் குறைந்தது. இன்னும் அழுத்தி மிதித்தேன். சத்தம் கூடியதே தவிர வண்டி ஓர் அடி நகரவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டால் வருமே, அப்படியொரு தீய்ந்த வாசனை உள்ளே நிறைந்தது.

பின்னால் ஒரு தண்ணீர் லாரி. அதன் ஹாரன் என் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது.

இடது பக்கத்து இருக்கையில் இவர், என் வீட்டுக்காரர். முழங்கால்கள்மேல் கைகளை வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பி மரியாதையாகச் சொன்னார்.

"கிளட்ச் ஸ்லிப் ஆகுது, டீச்சர். பிளேட்டு தேஞ்சு போச்சு. நீங்க எவ்வளவு ரேஸ் பண்ணாலும் ஏறாது."

சரியாகத்தான் சொன்னார். அன்று காலை பல் தேய்க்கும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு "இது எதுக்கு?" என்று கேட்டவர். ஒரே மகள் ஷீலாவின் பெயர் அவருக்குப் போய்விட்டது. என் பெயரும் போய்ப் பல மாதங்கள் ஆகின்றன. தெருவில் எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளுக்கு 'நீங்க', 'வாங்க' வேறு. கிளட்ச் மட்டும் எப்படியோ அவரிடம் தங்கிவிட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. அசதிதான் வந்தது. அப்படியே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

லாரியை ஓரங்கட்டிவிட்டு அதன் டிரைவர்தான் இறங்கி வந்தார். முதலில் திட்டத்தான் வந்தார். உள்ளே எங்கள் இரண்டு பேரின் நரைத்த தலைகளைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது. "பிரேக்க புட்சிகினு அப்டியே ரிவர்ஸ்ல வுடும்மா. பின்னால வர்றத நா பாத்துக்கறேன்" என்றார். அவர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்த, வந்த பாலத்திலேயே பின்னோக்கி இறங்கினோம். இவர் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

விற்றுத் தொலைத்தால் என்ன?

இந்தத் தொடரில் வாரா வாரம் வண்டி, வண்டி என்று எழுதுகிறீர்களே, அதை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஷீலாவும் இதைத்தான் கேட்கிறாள், இதைவிடச் சூடாக.

எங்களுடையது ஹெரால்டு என்கிற அந்தக் காலத்துக் கார். இரண்டே கதவு. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். இன்று சாலையில் இதைப் பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். போட்டோ எடுப்பவர்கள் யாரும் அதற்கு ஹெட்லைட் கண்ணாடி தேடி அலைந்ததில்லை.

விற்காததற்குக் காரணம் பாசம் இல்லை. இவர் வேறு எந்த வண்டியிலும் ஏற மாட்டார்.

ஒருமுறை ஆட்டோவில் அழைத்துப் போனபோது, சானடோரியம் அருகே ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவிலிருந்து இறங்கப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் என் கையோடு வந்துவிட்டன. இன்னொரு முறை வாடகைக் கார். தன்னைக் கடத்திப் போவதாகக் கத்தி, ஓட்டுநரை அடிக்கக் கை ஓங்கிவிட்டார்.

பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஷீலா தன் காரைக் கொண்டு வந்தாள். கிளட்ச்சே இல்லாத வண்டி. "நீங்களே ஓட்டுங்கம்மா, உங்க முட்டிக்கும் நல்லது" என்றாள். இவர் ஏறி ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். "இது யார் வீட்டு வண்டிம்மா?" என்று அவளையே கேட்டார். கேட்டுவிட்டு இறங்கிப் போய் ஹெரால்டின் கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். ஷீலா அழுதுகொண்டே கிளம்பினாள்.

ஹெரால்டில் ஒரு தொந்தரவும் இல்லை. தானே ஏறுவார். கண்ணாடியை இறக்குவார். முழங்கையை வெளியே வைப்பார். மேற்குத் தாம்பரத்தில் டாக்டர், வாரத்தில் இரண்டு நாள் ஞாபகப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆலயம், எல்லாம் அந்த வண்டியில்தான். இரண்டு வாரம் வெளியே போகாமல் இருந்தால் வெளிகேட்டைப் பிடித்து உலுக்க ஆரம்பித்துவிடுவார். சாப்பிட மாட்டார். ஆக, அந்த வண்டி நின்றுபோனால் இவருக்கு வெளி உலகம் இல்லை. அவரை விட்டு எங்கும் போக முடியாததால் எனக்கும் இல்லை.

இதில் என் இடது முழங்கால் வேறு. தேய்ந்துவிட்டது. அந்த கிளட்ச்சோ கல் மாதிரி. ஒரு சிக்னலில் மூன்று முறை மிதித்தால் இடுப்பு வரை வலிக்கும். "கிளட்ச் வண்டிய விட்டுடுங்கம்மா" என்று எலும்பு டாக்டர் சொன்னார். எதை விடுவது என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

காதால் வாழ்ந்தவர்

இவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, லைனில் வரும் கரகரப்பை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். குக்கர் வாஷர் மாற்ற வேண்டும் என்பதை விசிலைக் கேட்டே சொல்வார். நான் கோபமாக இருப்பதை, நான் தட்டை மேஜையில் வைக்கும் சத்தத்தில் தெரிந்துகொள்வார். தெரிந்துகொண்டு என்ன செய்வார் என்றால், ஒன்றும் செய்ய மாட்டார்.

சானடோரியத்தில் இருந்த ஒரு டாக்டரிடமிருந்து இந்த வண்டியை வாங்கி வந்த நாளிலிருந்தே அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. கிளட்ச்சை மிதித்தால் 'கீச்' என்று ஒரு சத்தம். முதல் கியரில் கிளம்பும்போது ஓர் உதறல். குளித்துவிட்டு வரும் குழந்தை உடம்பைச் சிலிர்க்குமே, அந்த அளவுக்கு. பலமுறை பழுது பார்த்தும் இரண்டும் போகவில்லை. கொஞ்ச நாளில் இவர் அதைக் கோளாறு என்று சொல்வதையே விட்டுவிட்டார். "அது அதோட சுபாவம்" என்பார்.

எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் இவர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து, நான் வேலை பார்த்த பள்ளியின் மைதானத்தில். என் காலுக்கு அந்த கிளட்ச் வசப்படவே இல்லை. பாதியில் விட்டுவிடுவேன். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் இவர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்.

"கிளட்ச் என்ன கதவா எஸ்தர், பட்டுனு சாத்தறதுக்கு?"

வண்டி உதறியதால்தான் அணைந்தது என்று ஒரு நாள் வாதாடிப் பார்த்தேன். "வண்டியோட உதறல் எனக்குத் தெரியும். இது உன்னோடது" என்றார். மதில் ஓரமாக என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அவமானத்தில் ஒரு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நோயாளி ஆகிவிட்டார் என்பதற்காக அன்றைய திட்டெல்லாம் இனித்துவிடாது.

பிறகு வீம்புக்கென்றே கற்றுக்கொண்டேன். ஒரு ஞாயிறு ஆலயத்திலிருந்து வீடு வரை ஓட்டி வந்தேன். வழியெல்லாம் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான். அன்றிலிருந்து வண்டி உதறியிருக்கிறது, நான் உதறியதில்லை.

இதில் இறக்குவதில்லை, ஏற்றுவது

மேம்பாலத்துச் சம்பவத்துக்கு மறுநாள் மெக்கானிக் தேவராஜ் தன் மச்சானின் டெம்போவில் கட்டி வண்டியை இழுத்துப் போனார். அவருடைய ஷெட் அனகாபுத்தூரில், ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில். ஷெட்டுச் சுவரில் வெள்ளம் வந்த உயரத்துக்குப் பெயின்ட்டில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே அவர் எந்த சாமானும் வைப்பதில்லை.

மற்ற வண்டிகளில் கிளட்ச் மாற்றுவதென்றால் கியர்பாக்ஸை அடியில் இறக்குவார்கள். இதில் முன் இருக்கைகளைக் கழற்றி, விரிப்பை உரித்து, நடுவில் மேடு மாதிரி இருக்கும் மூடியை எடுத்து, கியர்பாக்ஸை வண்டிக்குள்ளேயே ஏற்றிக் கதவு வழியாக வெளியே கொண்டுவர வேண்டும்.

"வவுத்த கீறி கொயந்த எடுக்கறாப்பல கீதும்மா ஒன் வண்டி" என்றார் தேவராஜ். அவரும் மச்சானும் ஆளுக்கொரு கதவில் குனிந்து அதைத் தூக்கினார்கள். ஷீலா அன்று வீட்டுக்கு வந்து இவரைப் பார்த்துக்கொண்டதால் நான் ஷெட்டுக்குப் போயிருந்தேன். உட்கார நாற்காலி இல்லை. கழற்றி வைத்திருந்த இடது இருக்கையைத் தரையில் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டியரிங் என் கைக்கு வந்த பிறகு இவருடைய இருக்கையில் நான் உட்கார்ந்தது அன்றுதான். அவர் உடம்புக்கு அது குழிந்திருந்தது.

தேவராஜ் பழைய பாகங்களை என் காலடியில் வைத்துக் காட்டினார். பிளேட்டின் மேல் ஒட்டியிருந்த லைனிங் சுத்தமாகத் தேய்ந்து, ஆணிகளின் தலை தெரிந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் தட்டில் சுற்றிலும் சுருள் ஸ்பிரிங்குகள்.

"இந்த ஸ்பிரிங்கெல்லாம் எதிர்த்துகினு நிக்குது. அதான் உன் காலு பேஜாராவுது. இப்ப ஓட்ற சின்ன வண்டிங்கள்ல வர்ற செட்டு கீது. ஸ்பிரிங்கே கெடையாது, விசிறியாட்டம் ஒரே தகடு. எஞ்சின்ல சுத்தற ஃபிளைவீல் சக்கரத்துல புச்சா ஓட்ட போட்டு அத்த உக்கார வச்சுட்டா, செருப்ப மாட்றாப்பல மிதிக்கலாம்."

"பழைய மாதிரியே போட முடியாதா?"

"ஏன் முடியாது? பிளேட்டுக்கு லைனிங் ஒட்டிகினு பூடலாம். ஆனா கல்லு மாதிரிதான் இருக்கும். கீசலும் இருக்கும், ஒதறலும் இருக்கும். நீயே சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? "மாத்திடுங்க தேவராஜ். அந்தக் கீச்சுச் சத்தத்தையும் எடுத்துடுங்க. உதறலையும் எடுத்துடுங்க" என்றேன். என் வாயால் நானேதான் சொன்னேன்.

வண்டி எங்க, டீச்சர்?

சில நாளில் முடியும் என்றது மூன்று வாரம் இழுத்தது. ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவ வேண்டும். பிறகு ஓட்டை போட வேண்டும். லேத்துக்காரர் வீட்டில் ஒரு சாவு. பேரிங் ஒன்று வேறு அளவில் வந்து திரும்பிப் போனது.

இவர் தினமும் போர்டிகோவில் போய் நிற்பார். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். "வண்டி எங்க, டீச்சர்?" என்பார்.

"சர்வீசுக்குப் போயிருக்கு."

"ஓ, சரி."

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் வருவார். பள்ளியில் ஒரே பாடத்தை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரே கேள்விக்கு ஒரு நாளில் இருபது தடவை பதில் சொல்வது வேறு. ஒரு கட்டத்தில் "வித்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "இல்ல, இல்ல, சர்வீஸ்தான்" என்று ஓடிப் போய்ச் சொன்னேன். அதற்குள் அவருக்கு இரண்டும் மறந்துவிட்டது. எனக்குத்தான் மறக்கவில்லை.

மூன்றாவது வாரம் சாப்பிடுவதை நிறுத்தினார். கேட்டை உலுக்கத் தொடங்கினார்.

டீ கிளாஸ்

ஒருவழியாக தேவராஜ் போன் செய்தார். போனேன். டீக்கடை கிளாஸ் ஒன்றில் தளும்பத் தளும்ப டீ ஊற்றி, அதை டேஷ்போர்டின் மேல் வைத்து, "ஏறும்மா" என்றார். முதல் கியரில் கிளப்பினார். டீ சிந்தவில்லை. அவருக்கு அத்தனை பெருமை. எனக்கும்தான்.

நான் மிதித்துப் பார்த்தேன். பெடல் கால் கனத்திலேயே உள்ளே போனது. கீச் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் எதற்காக அந்தக் கல்லை மிதித்துக்கொண்டிருந்தேன் என்றிருந்தது.

"கிளட்ச்சு மேலயே புடிக்கும், பாத்துக்கோ. பயக்கம் ஆவறவரைக்கும் துள்ளும்" என்றார் தேவராஜ். உண்மைதான். முதல் நாலைந்து தடவை துள்ளியது. இவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு துள்ளல்கூடக் கூடாது, பயந்துவிடுவார் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். அந்தச் சந்தில், கைத்தறிச் சத்தம் கேட்கிற வீடுகளுக்கு நடுவே, அரை மணி நேரம் போய்ப் போய் வந்தேன். கடைசியில் வண்டி கிளம்புவதே தெரியாத அளவுக்குக் கால் படிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மேம்பாலம் ஏறினேன். சும்மா ஏறியது. நீண்ட காலத்துக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினேன்.

கேம்ப் ரோடு சிக்னல்

மறுநாள் காலை இவர் போர்டிகோவில் வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கதவைத் திறந்து தானே உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கினார். முழங்கையை வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

டாக்டரிடம் போகத் தெருவில் வண்டியை எடுத்தேன், பூவைத் தொடுவது போல. தெரு முனைக்கு வரும்போது இவர் முழங்கையை உள்ளே எடுத்துக்கொண்டார். டேஷ்போர்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தலையைச் சாய்த்து எதையோ கேட்கப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை.

கேம்ப் ரோடு சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் நகர்ந்தேன்.

"இது யார் வண்டி?" என்றார்.

"நம்ம வண்டிதான்."

"இல்ல. இது நம்ம வண்டி இல்ல. என்னை எங்க கொண்டு போறீங்க?" கதவின் பிடியைத் திருகிவிட்டார். கதவு திறந்துகொண்டது. இடது பக்கம் ஒரு பஸ் உரசிக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதித்து, அவர் சட்டையை எட்டிப் பிடித்து, கதவை இழுத்துச் சாத்தினேன். பஸ்காரர் கத்தினார். பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்வைக்கு அது ஹெரால்டு. ஆனால் இவர் அந்த வண்டியைப் பார்த்து அடையாளம் வைத்திருக்கவில்லை. அந்தக் கீச்சும் அந்த உதறலும்தான் அவருக்கு நம்ம வண்டி. எது இருந்தால் போதுமோ அதைப் பார்த்துப் பார்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"விடுங்க டீச்சர், நான் வீட்டுக்குப் போகணும்" என்று என் விரல்களைப் பிரித்தார்.

"உக்காருங்க!" என்று கத்தினேன். நடுச் சாலையில், இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து. "செத்துப் போறேன் உங்களோட! நான் எங்க போவேன், சொல்லுங்க! நான் எங்க போவேன்!" வெட்கமாக இருக்கிறது எழுதுவதற்கு. ஆனால் அப்படித்தான் கத்தினேன்.

கத்திக்கொண்டே முதல் கியரைப் போட்டேன். அரை மணி நேரம் பழகிய பழக்கமெல்லாம் போய், கால் பெடலிலிருந்து அப்படியே வழுக்கியது. வண்டி ஒரு குதி குதித்து, எங்கள் இருவரையும் முன்னால் தள்ளி, அணைந்துவிட்டது.

ஹாரன்களுக்கு நடுவே இடது பக்கத்திலிருந்து 'ச்சு' என்று ஒரு சலிப்பு.

"கிளட்ச் என்ன கதவா எஸ்தர், பட்டுனு சாத்தறதுக்கு?"

திரும்பிப் பார்த்தேன். கதவின் பிடியிலிருந்து கையை எடுத்திருந்தார். முகத்தில் அந்தப் பழைய எரிச்சல், பள்ளி மைதானத்து எரிச்சல். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரை அல்ல.

"அழாத. ஸ்டார்ட் பண்ணு. மெதுவா விடு" என்றார்.

ஸ்டார்ட் செய்தேன். மெதுவாக விடவில்லை.

டாக்டர் வீடு போய்ச் சேருவதற்குள் ஆறு தடவை திட்டு வாங்கினேன். ஆறு தடவையும் பெயர் சொல்லித்தான்.

எல்லா நாளும் இது பலிப்பதில்லை. சில நாள் எத்தனை குதி குதித்தாலும் அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வருகிறார். பெயர் வருவதும் இப்போது குறைந்துவிட்டது. ஆனால் கதவின் பிடியைத் தொடுவதில்லை. சாலையில் போகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வீம்பாகக் கற்றுக்கொண்ட ஒன்றை இந்த வயதில் சிக்னல் சிக்னலாக மறந்துகொண்டு போகிறேன்.

போன மாதம் தேவராஜ் வேறு வேலையாக எங்கள் பக்கம் வந்தவர், வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார். இறங்கியதும் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாம்மா இது, புச்சா போட்ட பிளேட்டு, அதுக்குள்ள தீஞ்ச வாசன வருது. யாராச்சும் வண்டி ஓட்ட கத்துகினு கீறாங்களா?"

"நான்தான் தேவராஜ்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் கேட்டுக்கொண்டேன்: "இதே மாதிரி இன்னொரு பிளேட்டு இப்பவே சொல்லி வச்சுடுங்க."